சிவப்பு மாத்திரை வந்த வழி

எலவனாசூர்கோட்டைப் பக்கத்து ஊர்களில் ஒரு பெண் மாசமாக இருப்பது உறுதியானதும், வீட்டுப் பெரியவர்களுக்கு அடுத்தபடியாகச் செய்தி போகும் ஆள் நர்சம்மா. கிராம சுகாதார செவிலியர் என்பது அரசுப் பெயர். ஊரில் அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. அவர் பெயரைப் பதிந்துகொள்வார், பிக்மி எண் வாங்கித் தருவார், எடை பார்ப்பார், விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமில மாத்திரை. நான்காம் மாதத்திலிருந்து இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரை, நாளுக்கு ஒன்று. பிள்ளை பெற்ற பிறகும் 180 நாள் தொடரவேண்டும்.

தொடர்வதுதான் இல்லை. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பிள்ளை கறுத்துப் பிறக்கும், பிள்ளை பெருத்துப்போய் சுகப்பிரசவம் ஆகாது என்று காரணங்கள் வரிசையாக வரும். இவற்றில் முதல் இரண்டும் உண்மை. மற்ற இரண்டும் மாமியார் வழியாக வந்தவை. இலவசமாகக் கிடைக்கும் பொருளுக்கு மதிப்புக் குறைவு என்பதும் ஒரு காரணம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும். இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். இரண்டாவது எண் ஒரு கிராமில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அந்தத் துளி மருந்துக்குள் பம்பாயின் ஆலைத் தெருக்களும் குன்னூரின் எலிக் கூண்டுகளும் திருவல்லிக்கேணியின் கோஷா ஆஸ்பத்திரியும் நியூயார்க் மாநிலத்து மருந்துக் கம்பெனி ஒன்றும் இருக்கின்றன. நாடுகள் சேர்ந்து தாய்சேய் நலத்தில் ஆராய்ச்சி செய்வது என்றால் இன்றைக்கு ஜெனீவா மாநாடும் பெரிய நிதி நிறுவனங்களும் நினைவுக்கு வருகின்றன. இந்த மாத்திரையின் கதை அதற்கெல்லாம் முந்தையது.

கதை மார்கரெட் பால்ஃபோரிலிருந்து தொடங்குகிறது. எடின்பரோவில் மருத்துவம் படித்த ஸ்காட்லாந்துப் பெண். 1892-இல் இந்தியா வந்தவர், இங்கேயே பெண் மருத்துவப் பணியின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்தார். ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பாமல் 1920களில் பம்பாயில் உட்கார்ந்து ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார்: பிள்ளைப்பேற்றில் இத்தனை பெண்கள் ஏன் சாகிறார்கள்? உதிரப்போக்கு, ஜன்னி என்று தெரிந்த காரணங்கள் இருந்தன. அவற்றோடு ஒன்று விடாமல் வந்துகொண்டே இருந்தது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உடம்பு வெளுத்து, கால் வீங்கி, மூச்சு வாங்கி, ஆலைக் குடியிருப்புகளிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும் பெண்கள். ரத்தத்தில் சிவப்பணுக்கள் மிகக் குறைவு. இருக்கிறவையோ அளவுக்கு மீறிப் பெரியவை. இரும்புச்சத்து குறைந்தால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப்போகும். இது அதற்கு நேர் எதிர். அன்றைய மருத்துவ நூல்கள் இதைக் கர்ப்பகாலத்து உயிர்க்கொல்லிச் சோகை என்றன.

அப்போது இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் தாய் இறப்பு விசாரணை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தது. அந்தச் சங்கம்தான் பின்னாளில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆனது. லேடி டாட்டா நினைவு அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஆய்வு செய்துகொண்டிருந்த லூசி வில்ஸைப் பால்ஃபோர் அழைத்தார். 1928-இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் வந்து இறங்கியபோது வில்ஸுக்கு வயது நாற்பது. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்து, முதல் உலகப் போரின்போது தென்னாப்பிரிக்காவில் செவிலியாக இருந்து, முப்பது தாண்டி மருத்துவரானவர். மணமாகாதவர், சைக்கிள் ஓட்டுவதில் பிரியம் உள்ளவர், அரசியலில் இடதுபக்கம். பின்னாளில் செல்சி நகர மன்றத்தில் தொழிற்கட்சி உறுப்பினர்.

வில்ஸ் செய்த முதல் நல்ல காரியம் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டது. பம்பாயில் ஒரே ஊருக்குள் பல சமூகங்கள், பல சமையல்கள், பல வருமானங்கள். ஏழை முஸ்லிம் பெண்களிடம்தான் இந்தச் சோகை அதிகம் இருந்தது. அவர்கள் சாப்பாட்டில்தான் காய்கறி, கீரை, பால் எல்லாம் மிகக் குறைவு. வசதியுள்ள வீடுகளில் இந்த நோய் அரிது. கிருமி எங்கே என்று தேடிக்கொண்டிருந்த காலத்தில் நோயின் வேர் அடுக்களையில் இருக்கலாம் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டியிருந்தது.

சொல்வதற்கு ஆதாரம் வேண்டுமே. 1929 ஏப்ரலில் வில்ஸ் நீலகிரி ஏறினார்.

குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்குள் ராபர்ட் மெக்கரிசனின் உணவு ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. பெரிபெரி நோயை விசாரிக்க 1918-இல் சிறியதாகத் தொடங்கிய இடம். மெக்கரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டைப் போட்டு வளர்த்துப் பார்த்தவர். சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர் எனப் படிப்படியாக எடை இறங்கி, மதராஸ் சாப்பாடு தின்ற எலிகள் கடைசியில் நின்றன. தீட்டிய அரிசிச் சோறு நிறைய, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. நம்மூர்ச் சமையலின் பெருமை பேசுகிறவர்கள் இந்தச் சோதனையை நினைவில் வைத்திருப்பதில்லை.

அந்தக் கூண்டுகளில் வில்ஸும், அவரோடு பணியாற்றிய மேத்தாவும் பம்பாய் ஏழைப் பெண்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார்கள். எலிகள் வெளுத்தன. சினையான எலிகள் குட்டி போடும் முன்பே செத்தன. உணவோடு ஈஸ்ட் சேர்த்தால் நோய் வரவில்லை. கதை இங்கேயே முடிந்திருந்தால் பள்ளிப் பாடநூலுக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் எலிகளின் உடம்பில் பேன் இருந்தது. பேன் வழியாகப் பரவும் ஒரு தொற்றும் எலிக்குச் சோகையைக் கொண்டுவரும் என்று தெரியவந்தது. எது எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை. பின்னர் குரங்குகளை வைத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. ஆராய்ச்சி வரலாறுகளில் இந்தப் பேன்கள் அடிக்குறிப்பில் ஒதுங்கிவிடுகின்றன. ஒரு முடிவு எத்தனை முறை கையைவிட்டு நழுவியது என்பதும் வரலாறுதான்.

நோயாளிகளுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி தனியாக நின்றது. 1926-இல் பாஸ்டனில் மைனாட்டும் மர்ஃபியும் உயிர்க்கொல்லிச் சோகைக்கு ஈரல் சாப்பிடவைத்துக் குணப்படுத்தியிருந்தார்கள். அதற்கு 1934-இல் நோபல் பரிசும் வந்தது. நாளுக்கு அரை பவுண்டு வரை ஈரல். ஆலைக் கூலிக் குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது. மரக்கறி உண்பவர்கள் தொடவும் மாட்டார்கள். ஈரலைச் சுத்திகரித்து எடுத்த சாறு கர்ப்பிணிகளிடம் வேலை செய்யவில்லை, சுத்திகரிக்காத கச்சாச் சாறு வேலை செய்தது என்பதையும் வில்ஸ் கவனித்தார். அப்படியானால் அந்தக் கச்சாச் சாற்றில் இன்னொரு பொருள் இருக்கவேண்டும். அது எதில் மலிவாகக் கிடைக்கும்?

மார்மைட்டில் கிடைத்தது. பீர் காய்ச்சும் ஆலைகளில் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து இங்கிலாந்தில் 1902 முதல் தயாராகும் கறுத்த, உப்புக் கரிக்கும் பசை. இதைக் கொடுத்ததும் சில நாட்களில் புதுச் சிவப்பணுக்கள் ரத்தத்தில் பெருகத் தொடங்கின. 1931 ஜூனில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அந்தப் பெயர் தெரியாத பொருளை உலகம் சில ஆண்டுகள் ‘வில்ஸ் காரணி’ என்றே அழைத்தது. 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கைக் கிராமங்கள் நலிந்தபோது, அங்குள்ள இடதுசாரிகளின் சூரியமல் இயக்கத் தொண்டர்கள் கொய்னாவோடு மார்மைட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இன்றும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பாணுக்குப் பூசி உண்ணும் மார்மைட் தமிழ்நாட்டுக் கடைகளில் தேடவேண்டிய பொருளாக இருப்பது வேறு கதை.

அந்தக் கட்டுரை அச்சேறிய ஆண்டின் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில் இருந்தார். வேலை செய்த இடம் திருவல்லிக்கேணியில் கடற்கரைக்கு அருகில் இருக்கும் கோஷா ஆஸ்பத்திரி. இப்போது கஸ்தூரிபா காந்தி அரசு மகளிர் மருத்துவமனை. ஆட்டோக்காரரிடம் கோஷா ஆஸ்பத்திரி என்றால் இன்றும் நேராகக் கொண்டுபோய் விடுவார். அதற்கும் ஒரு முன்கதை உண்டு. சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி மேரி ஷார்லீப், ஆண் மருத்துவரைப் பார்க்க முடியாததாலேயே பெண்கள் பிரசவத்தில் சாவதைக் கண்டு, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவரோடு சேர்த்து நான்கு பெண்கள். மேல்படிப்புக்கு லண்டன் போய்த் திரும்பியவர் 1885-இல் தொடங்கியதுதான் சாதி இந்து, கோஷா (பர்தா முறை) பெண்களுக்கான மருத்துவமனை. வெங்கடகிரி ராஜா கட்டடத்துக்குப் பணம் கொடுத்தார். பம்பாயில் கண்ட நோய் சென்னையிலும் அதே முகத்தோடு இருக்கிறதா என்று பார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் வில்ஸுக்குக் கிடைத்திருக்காது.

எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலும் இதே சோகையை ஒருவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார். கர்ப்பகாலச் சோகை பற்றி 1930களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரை அந்தத் துறையில் நெடுங்காலம் மேற்கோள் காட்டப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் துணைவேந்தராக இருந்தவர் என்றே அவரைத் தமிழர் அறிவர். மகப்பேறு மருத்துவத்துக்கு அவர் எழுதிய பாடநூலை இந்தியா முழுவதும் மாணவர்கள் படித்தார்கள். 1961-இல் புதுதில்லியில் கூடிய 14-ஆவது உலக சுகாதாரப் பேரவைக்கு அவர்தான் தலைவர்.

இதில் கவனிக்கவேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வில்ஸின் பெயர் ஒரு காரணிக்கு வைக்கப்பட்டது. 2019-இல் அவருடைய 131-ஆவது பிறந்தநாளுக்குக் கூகுள் தன் முகப்பில் படம் போட்டது. கட்டுரைகளில் அவரோடு சேர்ந்து பெயர் போட்ட தல்படேயையும் மேத்தாவையும் துறைக்கு வெளியே யாருக்கும் தெரியாது. ரத்தம் கொடுத்த பெண்களோ அட்டவணையில் வெறும் எண்கள். வில்ஸ் அவர்களை அலட்சியமாக நடத்தினார் என்று யாரும் சொன்னதில்லை. ஒத்துழைப்பு என்ற சொல்லுக்குள் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அன்றைக்கே சரிசமமாக இல்லை.

அடுத்த கட்டம் அமெரிக்காவில். டெக்சாஸில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர் 1941-இல் நான்கு டன் பசலைக்கீரையை அரைத்துப் பிழிந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைத் தொழிற்சாலையில் செய்ய முடிந்தால்தான் மருந்து. அதைச் செய்துகாட்டியது நியூயார்க் மாநிலத்து பேர்ல் ரிவர் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வகம். ஆராய்ச்சிக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சுப்பாராவ் 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்து பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் முயற்சியில் மெட்ரிக் தேறினார். கோஷா ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரம். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவைக்கூடத்துக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அதற்குள் வீட்டில் பெரிய அடி விழுந்திருந்தது. அவருடைய அண்ணன் தம்பி இருவர் எட்டு நாள் இடைவெளியில் இறந்தார்கள். வெப்பநாட்டு ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் கழிந்து, ஆள் உருகிப் போவார். சுப்பாராவுக்கும் அது வந்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி அவரைத் தேற்றினார். 1922-இல் அறக்கட்டளைப் பணமும் மாமனார் பணமுமாகக் கப்பலேறி பாஸ்டன் போனவர் பிறகு ஊருக்குத் திரும்பவே இல்லை.

1945-இல் அவருடைய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. கர்ப்பகாலத்துப் பேரணுச் சோகையையும், அவர் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவில் வரும் சோகையையும் அது மாற்றியது. வில்ஸ் காரணி என்பது இந்த வகைப் பொருள்தான் என்று உறுதியானது. 1948-இல் சுப்பாராவ் இறந்தபோது வயது 53. அமெரிக்காவில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்தும் இறுதிவரை இந்தியக் குடிமகன்.

மருந்து கைக்கு வந்துவிட்டது. எத்தனை கொடுப்பது, எப்போதிலிருந்து கொடுப்பது, இரும்போடு சேர்த்தால் என்ன ஆகும் என்பதை யாராவது பார்க்கவேண்டும். இங்கேதான் வேலூர் வருகிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர் நடத்திய வெல்கம் ஆய்வகம் பிரிட்டிஷ் அறக்கட்டளைப் பணத்தில் இயங்கியது. 1960களின் தொடக்கத்தில் வடஆற்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய்போலப் பரவியபோது பேக்கரும் வி. ஐ. மத்தானும் ஊர் ஊராகப் போய் ஆராய்ந்தார்கள். அதே குழு உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு தில்லி அகில இந்திய மருத்துவ நிறுவனத்துடன் சேர்ந்து கர்ப்பிணிகளுக்கு இரும்பு கொடுத்துப் பார்க்கும் ஆய்வைச் செய்தது. தில்லிப் பக்கத்தில் இருந்த வி. ராமலிங்கசுவாமி, தன் ஆராய்ச்சி வாழ்க்கையைக் குன்னூர் உணவு ஆராய்ச்சிக் கூடத்தில் தொடங்கியவர்.

முறை கண்டிப்பானது. நாளுக்கு 30 மில்லிகிராம் முதல் 240 மில்லிகிராம் வரை பல அளவுகள். சிலருக்கு ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்து. கையில் கொடுத்து அனுப்பிவிடாமல், நேரில் பார்த்திருந்து விழுங்கவைத்தார்கள். பத்துப் பன்னிரண்டு வாரம் இப்படிக் கொடுத்தும் எல்லோருடைய ரத்தமும் உரிய அளவை எட்டவில்லை. 1975-இல் வெளியான இந்த முடிவு ஒரு கசப்பான செய்தியைச் சொன்னது: கர்ப்பமான பிறகு தொடங்குவது பலருக்குத் தாமதம். பெண் அதற்கு முன்பே, வயசுக்கு வரும் காலத்திலேயே, வெறும் கையோடு வந்து நிற்கிறாள்.

அதற்குள் அரசு காத்திருக்கவில்லை. 1970-இல் நாடு முழுவதும் கர்ப்பிணிகளுக்கு 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், நூறு நாள் என்று திட்டம் வந்துவிட்டது. 1980களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதை மதிப்பிட்டது. ஏமாற்றம்தான். மாத்திரை பலருக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்த இடத்திலும் ரத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஆய்வகத்தில் இருந்தது போலக் கூட இருந்து விழுங்கவைக்க ஊரில் ஆள் யார்?

இந்தக் கேள்வியோடு எலவனாசூர்கோட்டைக்கு வரலாம். 1757-இல் பிரெஞ்சுப் படை முற்றுகையிட்ட கோட்டை இருந்த ஊர். இருந்த இடத்தை விட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்துவிட்டது: 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் கள்ளக்குறிச்சி. கரும்பு, நெல், மக்காச்சோளம், மரவள்ளி. மேற்கே கல்வராயன் மலை. 1980களில் டென்மார்க் அரசின் வளர்ச்சி உதவி நிறுவனமான டானிடா, தமிழ்நாட்டில் சுகாதாரப் பணிக்கு எடுத்துக்கொண்ட இரண்டு மாவட்டங்கள் சேலமும் தென்னாற்காடும். இந்த வட்டாரத்துக்கு டேனிஷ்காரர்கள் புதியவர்களல்ல. திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் ஆஸ்பத்திரி அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது.

டானிடா திட்டத்தில் புது மருந்து, புதுக் கண்டுபிடிப்பு என்று ஒன்றும் இல்லை. கிராமத்தில் துணை சுகாதார நிலையக் கட்டடம், அதிலேயே செவிலியர் தங்க வசதி, பயிற்சி, வாகனம், பதிவேடு. பார்க்கச் சாதாரணம். ஆனால் இரவில் வலி கண்ட பெண்ணுக்கு நர்சம்மா ஊரிலேயே இருப்பதும் பஸ் பிடித்துப் பக்கத்து நகரத்துக்குப் போய்விட்டதும் ஒன்றா? பிறப்பையும் இறப்பையும் வீடு வீடாகக் கேட்டு எழுதும் பெரிய கணக்கெடுப்புகளும் டானிடா ஆதரவில் 1990களில் நடந்தன. சேலம், தர்மபுரிப் பக்கத்தில் பெண் சிசுக்கள் பிறந்த சில நாளில் சாவது எத்தனை என்பது அரசுக் கணக்கிலேயே தெரிந்தது அப்போதுதான். மாத்திரையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மூலக்கூற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செவிலியர் தங்கிய அந்த ஒற்றை அறைக்கும் அதில் பங்கு உண்டு.

மலையில் நிலைமை வேறு. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி ஊர்கள் 1970கள் வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தவை. சாலை தாமதமாகவே ஏறியது. ஒரு கிராமத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகச் சரிவு இறங்கி ஏறவேண்டிய இடத்தில் மாத்திரை அட்டை கொண்டுபோவதே ஒரு நாள் வேலை. சாமையும் கேழ்வரகும் தின்ற மலைக்கு ரேஷன் அரிசி வந்த பிறகு தட்டில் சோறு கூடியது. கீரையும் பயறும் அதே அளவுக்குக் கூடவில்லை. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவ நாளுக்கு முன்னரே வந்து தங்கும் அறைகளை அரசு ஏற்படுத்தியது இந்தத் தூரத்தை மனதில் வைத்துத்தான்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு தமிழ்நாட்டு ஆய்வு உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ரஹ்மதுல்லாவும் குழுவினரும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் 15,419 குழந்தைகளுக்கு வாரந்தோறும் சிறு அளவில் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். குழந்தை இறப்பு 54 விழுக்காடு குறைந்தது. 1990-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் வெளியிட்ட அந்த முடிவு உலகக் கொள்கையை மாற்றிய ஆய்வுகளில் ஒன்று. அதன் வெற்றியில் பாதி, வாரந்தோறும் வாசலில் வந்து நின்ற உள்ளூர்ப் பெண்களுக்கு உரியது. மாத்திரைத் திட்டத்தில் அந்த வாசல் வருகைதான் இல்லாமல் போயிருந்தது.

ஃபோலிக் அமிலத்தின் மதிப்பு 1991-இல் இன்னொரு படி ஏறியது. ஏழு நாடுகளில் 33 மையங்களில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வு, கருத்தரிக்கும் காலத்திலேயே இதை எடுத்துக்கொண்டால் குழந்தையின் தண்டுவடம் மூடாமல் பிறக்கும் குறை 72 விழுக்காடு தடுக்கப்படுகிறது என்று காட்டியது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். கரு உருவான முதல் நான்கு வாரத்துக்குள் தண்டுவடம் மூடிவிடும். நாள் தள்ளிப்போனதைக் கவனித்து, நர்சம்மாவிடம் சொல்லி, பதிவு போடுவதற்குள் அந்தக் காலம் முடிந்துபோகிறது. முதல் மூன்று மாத மாத்திரை பெரும்பாலான பெண்களுக்கு இந்த ஒரு பயனைத் தராமலே கழிகிறது.

தாய் இறப்பில் தமிழ்நாடு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. 2018-20 மாதிரிப் பதிவுக் கணக்கில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 54 தாய்மார் இறந்தார்கள்; இந்திய சராசரி 97. வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்தே போனது. சோகை மட்டும் அசையவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்குச் சோகை என்கிறது. நாடு முழுமைக்கும் 52.2, அதற்கு முந்தைய கணக்கில் 50.4. கூடித்தான் இருக்கிறது.

ஆகவே வேறு வழிகளும் வந்தன. ரத்தம் மிகக் குறைந்த கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச் சத்தை நரம்பில் ஏற்றுகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான உதவித் திட்டத்தில் பணத்தோடு இரும்புச்சத்து டானிக்கும் பேரீச்சையும் நெய்யும் வைத்த பெட்டகம் தருகிறார்கள். அதோடு அரிசி. 2021 சுதந்திர தின உரையில் பிரதமர் அறிவித்து, 2024 மார்ச்சுக்குள் ரேஷன் கடை அரிசி முழுவதும் செறிவூட்டப்பட்டது. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மாவாக்கி அரிசி வடிவில் அச்சு வார்த்த மணிகள், நூறுக்கு ஒன்று. ஒரு கிலோவில் ஃபோலிக் அமிலம் 75 முதல் 125 மைக்ரோகிராம். கால் கிலோ அரிசி உண்பவருக்குக் கிடைப்பது முப்பதைத் தாண்டுவது அரிது. களையும்போது மேலே மிதக்கும் அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்த வீடுகள் ஏராளம். அதிகாரிகள் ஊர் ஊராகச் சமைத்துச் சாப்பிட்டுக் காட்டவேண்டியதாயிற்று.

படித்தவர்களுக்குள்ளேயும் சண்டை நடக்கிறது. வேண்டியவர், வேண்டாதவர் எல்லோருக்கும் இரும்பைச் சோற்றில் கலப்பது சரியா என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் அனுரா குர்பாட் போன்ற ஆய்வாளர்கள் கேட்கிறார்கள். சோகைக் கணக்கே மிகைப்பட்டது என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். கணக்கெடுப்பில் விரல் நுனியைக் குத்தி எடுக்கும் சொட்டில் ரத்தத்தோடு திசுநீரும் கலந்து அளவு குறைத்துக் காட்டும். நாளத்திலிருந்து எடுத்தால் சோகை உள்ளவர் எண்ணிக்கை கணிசமாகக் குறையும் என்கிறார்கள். எதிர்த்தரப்போ, வெளுத்துப்போன பெண்களை வார்டில் தினமும் பார்க்கிறோமே என்கிறது.

அடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பிலிருந்து சோகை அளவீடு எடுக்கப்பட்டுவிட்டது. அந்த வேலை இப்போது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்திடம். மெக்கரிசனின் குன்னூர் ஆய்வுக்கூடம்தான் 1950களின் இறுதியில் அங்கே குடிபெயர்ந்து அந்தப் பெயரில் வளர்ந்தது. அதன் குழுக்கள் மாநிலம் மாநிலமாகப் போய் இரண்டு காரியம் செய்யவேண்டும்: நாளத்திலிருந்து ரத்தம் எடுப்பது, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டு எழுதிக்கொள்வது.